ஓட்டத் தூரம்

ஜூன் 5

மீனலோசனி மேடம் ஆளுக்கு இரண்டு நோட்டு கொடுத்தார். ஒன்று களக்குறிப்புக்கு. அது மழையில் நனைந்துபோனால் மாற்றுக்கு இன்னொன்று. பணகுடிப் பக்கம் ஜூனில் காற்றுதான் வரும், மழை வராது. ஆகவே இரண்டாவது நோட்டு என் சொந்த உபயோகத்துக்கு.

முதல் பக்கம் என்பதால் விவரம்: செல்வின், இருபத்தேழு வயது, டிப்ளமோ இன்ஸ்ட்ருமென்டேஷன். காற்றாலைப் பராமரிப்பு காண்ட்ராக்டில் நான்கு வருடம். மார்ச்சில் கோபுர ஏணியில் கால் வழுக்கியது. இடுப்புப் பெல்ட் பிடித்துக்கொண்டது, ஆனால் தொங்கியதில் வலது தோள் விலகிவிட்டது. மூன்று மாதம் ஏறக் கூடாது என்றார்கள். அதே நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம், மீனலோசனி மேடம் பொறுப்பில், எங்கள் காற்றாலைக் காட்டில் ஓணான்களைப் பற்றிப் படிக்க வந்தது. சென்சார் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும் என்று கேட்டார்கள். ஏற முடியாத ஆளைக் கம்பெனி கொடுத்துவிட்டது.

போன வாரம் டாக்டர் தோளைத் திருகிப் பார்த்துவிட்டு, "ஏறலாம்" என்று எழுதிக் கொடுத்தார். கடிதம் பையில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பேன்.

ஜூன் 9

செம்பு ஓணான் பன்னிரண்டும் முடிந்தது. செம்புக் குழாயை விரல் நீளத்துக்கு வெட்டி, உள்ளே சென்சார் வைத்து, ஒரு முனையைச் சோல்டராலும் மறுமுனையைத் திருகுமூடியாலும் அடைத்து, மேலே ஓணான் நிறத்தில் பெயின்ட். அடிவயிற்றில் எண் குத்தியிருக்கிறேன். வெயிலில் வைத்தால் அசல் ஓணானின் உடம்பு எவ்வளவு சூடாகுமோ அவ்வளவு இதுவும் ஆகும். ஓணானுக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெயிலில் நின்று ஏற்றிக்கொள்ளும், நிழலில் ஒதுங்கி இறக்கிக்கொள்ளும். ஊர் இப்படியே சூடாகிக்கொண்டு போனால் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அது வெளியே நடமாட முடியும் என்பதை என் செம்புதான் சொல்லப்போகிறது.

மேடம் கையில் உருட்டிப் பார்த்து, "பிரமாதம் செல்வின். கடையில வாங்கினாக்கூட இவ்வளவு சுத்தமா வராது" என்றார்.

சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 14

ஓணான் பிடிக்க உள்ளூர் ஆள் ஒன்று சேர்த்திருக்கிறார்கள். கீழ ஓடைக்குளத்துப் பெண், பெயர் உச்சிமாகாளி. இருபத்து மூன்று வயது இருக்கும். பிளஸ் டூ கணக்கில் பெயில். வீட்டில் ஆடு. தாவணிக்கு மேல் அண்ணனுடைய முழுக்கைச் சட்டை.

இந்த ஓணானுக்கு விசிறி ஓணான் என்று பெயர். ஆணுக்குத் தொண்டைக்குக் கீழே நீலமும் கறுப்பும் சிவப்புமாக ஒரு மடிப்பு. எதிரியைப் பார்த்தால் அதை விசிறி போல விரித்து விரித்து மூடும். இதைப் பிடிப்பதற்குத் தூண்டில் கம்பின் நுனியில் நைலான் நூல் சுருக்கு. கழுத்தில் மாட்டி மெல்லத் தூக்க வேண்டும்.

இன்றைய கணக்கு: உச்சிமாகாளி 19. நான் 2.

என் கம்பு நீளம் குறைவு.

ஜூன் 15

கம்பை மாற்றிக்கொண்டோம். அவள் 22. நான் 3.

ஜூன் 22

பிடித்த ஓணானின் முதுகில் நெயில் பாலிஷால் மூன்று புள்ளி வைத்து விடுகிறோம். வெள்ளை, மஞ்சள், நீலம், பச்சை, சிவப்பு. எந்த வரிசையில் எந்த நிறம் என்பதுதான் அதன் எண். தோல் உரித்தால் புள்ளி போகும், மறுபடி பிடித்து வைக்க வேண்டும்.

மஞ்சள் தீர்ந்துவிட்டது. மேடம் பழைய குப்பியைக் கொடுத்து, இதே கம்பெனியாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னார். வள்ளியூரில் மூன்று கடை ஏறினேன். மஞ்சள் பாலிஷ் எந்தப் பெண்ணும் கேட்பதில்லையாம். நாலாவது கடையில் லேபிள் இல்லாமல் ஒன்று இருந்தது. மஞ்சள் மஞ்சள்தானே. கடை அக்கா என்னவோ சொல்ல வந்தார், என் வண்டி நடு ரோட்டில் நின்றது, கிளம்பிவிட்டேன்.

மதியம் உச்சிமாகாளி முப்பது ஓணானுக்குப் புள்ளி வைத்தாள். நான் செம்பு ஓணான்களுக்கும் வைத்துக்கொண்டேன். தூக்கி அடிவயிற்றைப் பார்க்காமலே எண் தெரியும். ஆறாம் எண்ணுக்கு மஞ்சள்-மஞ்சள்-நீலம்.

வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 27

புது வேலை. ஓட்டத் தூரம் அளப்பது. ஓணானை நோக்கி ஒரே சீராக நடக்க வேண்டும். அது ஓடுகிற கணத்தில் நாம் எங்கே நிற்கிறோமோ அங்கே ஒரு சிவப்புத் துணியைப் போட்டு, ஓணான் இருந்த இடம் வரை டேப் பிடித்து அளக்க வேண்டும். அவ்வளவுதான்.

காற்றாலை இல்லாத பொட்டலில் இரண்டரை மீட்டரிலேயே ஓடிவிடுகிறது. காற்றாலைக்குக் கீழே முக்கால் மீட்டர் வரை அசையாமல் நிற்கிறது. காரணம் பருந்து. சுற்றுகிற இறக்கைக்குப் பயந்து பருந்தும் வல்லூறும் இங்கே இறங்குவதில்லை. முப்பது வருடமாகத் தலைக்கு மேலே சாவு இல்லை. இறக்கையின் நிழல் முதுகு மேலேயே வந்து வந்து போகிறது, ஓணான் கண்ணைக்கூட மூடுவதில்லை.

"ஓடறதுக்கும் ஒரு விலை இருக்கு செல்வின்" என்றார் மேடம். "ஓடினா தின்னுக்கிட்டிருந்த எறும்பு போச்சு, ஏத்தின சூடு போச்சு, பொண்ணு பக்கத்துல நின்னா அதுவும் போச்சு. ஆபத்து இல்லாத இடத்துல ஓடிக்கிட்டே இருக்கறது நஷ்டம்."

காற்றாலைக்குக் கீழே நான் நடந்த பதினைந்து முறையும் சராசரி ஒன்று தொண்ணூறு. உச்சிமாகாளிக்கு முக்கால் மீட்டர். ஒருமுறை அவள் சட்டையின் நிழல் ஓணான் மேல் விழுந்தும் அது நின்றது.

"நீங்க பஸ்ஸைப் புடிக்கப் போற மாதிரி போறிய அண்ணே" என்று சிரிக்கிறாள்.

நடக்கிற ஆளைப் பொறுத்து அளவு மாறக் கூடாது என்று மேடம் முடிவு செய்துவிட்டார். இனி உச்சிமாகாளி மட்டும் நடப்பாள். நான் டேப் பிடிக்க வேண்டும். டிப்ளமோ படித்தவன் டேப் பிடிக்கிறேன்.

ஜூலை 3

மேடம் கோயம்புத்தூருக்கு போனில் பேசிக்கொண்டிருந்தார். "எங்க உச்சிமாகாளி" என்றார். மூன்று தடவை. என் பெயர் ஒரு தடவை, "சென்சார் பையன்" என்று.

ஜூலை 6

மூன்றாம் காற்றாலைக்குப் பக்கத்தில் 47-ஆம் எண் ஓணான் இருக்கிறது, மஞ்சள்-நீலம்-வெள்ளை. வால் பாதியில் முறிந்தது. என் ஆறாம் எண் செம்பை வைத்திருக்கும் கல், முன்பு அதன் கல்லாம். காலை ஏழரைக்கு வந்து செம்புக்கு எதிரே நின்று விசிறியை விரிக்கிறது. மூடுகிறது. விரிக்கிறது. செம்பு பதில் சொல்வதில்லை. பாய்ந்து ஒரு கடி. பல் வலித்திருக்கும். பின்வாங்கி மறுபடி விசிறி.

உச்சிமாகாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எண்ணே, பாத்தியளா, அதுக்குப் பொறாமை. ஒண்ணுமே செய்யாம நின்னே இந்தச் செம்பு எடத்தைப் புடிச்சிட்டுல்லா."

முட்டாள் பிராணி. எதிரே இருப்பது தன் இனமே இல்லை என்பதுகூடத் தெரியவில்லை.

ஜூலை 11

சாப்பாட்டு நேரம். காற்றாலை அடிவாரத்து நிழல். மேடம் தயிர் சாதம், நான் ஓட்டல் பார்சல், உச்சிமாகாளி கூழும் சுட்ட கருவாடும். மேடம் அவளுடைய கருவாட்டில் பாதியை எடுத்துக்கொண்டார். என் பார்சலில் வடை இருந்தது, யாரும் கேட்கவில்லை.

தங்கள் நிறுவனத்தில் ஒரு ஜாடி இருக்கிறது என்றார் மேடம். எண்பது வருடம் முன்னால் இதே பொட்டலில் யாரோ பிடித்துச் சாராயத்தில் போட்ட ஓணான்கள். அன்றைய காலின் நீளத்தையும் இன்றைய காலின் நீளத்தையும் ஒப்பிட்டால்தான், இவை வெறுமனே பழகிப்போனவையா, பரம்பரையாகவே மாறிப்போனவையா என்று தெரியும். "பழகறது ஒரு ஓணான் ஆயுசுல நடந்துரும். மாறறதுக்குத் தலைமுறை வேணும்."

"பெரிய பெரிய டைனோசரெல்லாம் செத்துச்சே, அன்னைக்கு இதுக எங்க மேடம் இருந்துச்சு?" என்று கேட்டாள் உச்சிமாகாளி.

"பொந்துல. வானத்துலேருந்து கல்லு விழுந்து, புகை மூடி, தீனி இல்லாமப்போச்சு. பல்லி, ஓணான் வகையிலயும் ரொம்ப அழிஞ்சுது. மிச்சம் இருந்ததுல நிறைய சின்ன உடம்பு, கொஞ்சம் தின்னுட்டு அசையாம கிடக்கத் தெரிஞ்சது. அதுங்களோட பேரப்பிள்ளைங்கதான் இது."

"அப்ப எங்க வீட்டு ஆளுகளும் பொழைச்சிருவோம்" என்றாள். மேடம் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். செப்டம்பரிலிருந்து இரண்டாம் கட்டம். இரண்டு வருடம். உதவியாளர் ஒருவருக்குத்தான் இடம். இங்கிருந்து ஒரு பெயரை ஆகஸ்ட் இருபத்தைந்துக்குள் அவர் அனுப்ப வேண்டும்.

இரண்டு வருடம் தரையில். யோசிக்கவே தேவையில்லை. லேப்டாப் யாருக்குத் தெரியும்? சோல்டர் யாருக்குத் தெரியும்? ஆனால் "ஒருவர்" என்று சொல்லும்போது மேடம் யாரைப் பார்த்தார் என்பதை நான் கவனித்தேன்.

ஜூலை 15

உச்சிமாகாளியின் தாள்களை லேப்டாப்பில் ஏற்றினேன். எண், நிறம், இடம், நேரம், தூரம். கடைசியில் "குறிப்பு" என்று ஒரு கட்டம். அதில் அவள் ஓணான்களுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர்கள். உயரமான கல்லில் உட்காருவது "கலெக்டர்". ஓயாமல் தலையாட்டுவது "வக்கீல்". வால் முறிந்தது "மொட்டைவால்". இன்னொன்று "புதுமாப்பிள்ளை".

இதெல்லாம் டேட்டாவா? அந்தக் கட்டத்தை டைப் அடிக்கவில்லை. நேரம் மிச்சம்.

ஜூலை 20

பிடித்துவிட்டேன்.

12-ஆம் எண் ஓணான். வெள்ளை-நீலம்-வெள்ளை. ஜூலை 14 காலை எட்டுப் பத்துக்கு ஒன்பதாம் காற்றாலையில் பார்த்ததாக எழுதியிருக்கிறாள். அதே நாள் எட்டு இருபத்தைந்துக்கு மூன்றாம் காற்றாலையில். நடுவில் அறுநூறு மீட்டர். விரல் நீள ஓணான் பதினைந்து நிமிடத்தில் அறுநூறு மீட்டர் ஓடியதா? ஓட்டத் தூரம் ஒரு வரியில் அரை மீட்டர், அடுத்த வரியில் மூன்று மீட்டர். 47-ஐ ஒரு வாரமாகக் காணவே இல்லை. இப்படி எட்டு ஓணான்.

இரண்டு பக்கத்துக்கு அட்டவணை போட்டு, தப்பான வரிகளுக்குச் சிவப்பு அடித்தேன். வெகு நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. பரோட்டா ஐந்து.

ஜூலை 22

மேடத்திடம் அட்டவணையைக் காட்டினேன். உச்சிமாகாளியும் இருந்தாள். இருக்கும்போது சொன்னால்தான் நேர்மை.

மேடம் வரி வரியாகப் பார்த்தார். "இது எப்படி மாகாளி?"

"நான் பாத்ததைத்தான் எழுதுனேன் மேடம். நீங்கதான சொன்னிய, நெனைக்கதை எழுதாத, பாக்கதை எழுதுன்னு."

நான் சொன்னேன்: "களத்துல நடக்காம வேப்பமரத்தடியில உக்காந்து எழுதினா இப்படித்தான் வரும் மேடம்."

அவள் என்னைப் பார்த்தாள். என்னவோ சொல்லப் போகிறவள் போல வாயைத் திறந்து மூடினாள். கம்பையும் சிவப்புத் துணிகளையும் மேசையில் வைத்தாள். "அப்ப நான் வாரேன்" என்றாள். மேடம் தடுக்கவில்லை. "கொஞ்ச நாள் வீட்டுல இரு, நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

டேட்டா என்றால் டேட்டா. ஆள் பார்த்து அறிவியல் நடக்காது.

ஜூலை 24

இப்போது நான் நடக்கிறேன். டேப் பிடிப்பது மேடம்.

சராசரி: 1.9.

ஆகஸ்ட் 2

"மெதுவா நடங்க செல்வின்."

மெதுவாகத்தான் நடக்கிறேன். 1.8.

ஆகஸ்ட் 5

ஓணான் பிடித்தது 4. ஒன்றுக்கு என் கையில் வால் முறிந்துவிட்டது. ஆடு மேய்க்கிற சத்தம் தெற்கே கேட்டால் மேடம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். வேலையைப் பார்க்காமல் எதற்கு அங்கே பார்க்க வேண்டும்?

ஆகஸ்ட் 9

மேடம் சொல்லிவிட்டார். "உங்க பேர்தான் எழுதப்போறேன் செல்வின். ஒரு வாரம் பத்து நாள்ல லெட்டர் அடிச்சிரலாம்."

அம்மாவுக்கு போன் செய்தேன். "இனி அந்த ஏணியில ஏற வேண்டாம்ல?" என்றுதான் அம்மா முதலில் கேட்டாள். சம்பளத்தைக்கூடக் கேட்கவில்லை. ஏணி பிரச்சினையே இல்லை, இது முன்னேற்றம் என்றேன்.

சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் என் பேரைச் சொல்லும்போது மேடம் சிரிக்கவில்லை. உச்சிமாகாளியின் கருவாட்டைத் தின்றபோது சிரித்தார்.

ஆகஸ்ட் 14

பேட்டரி மாற்றுவதற்காகச் செம்பு ஓணான்களை எடுக்கப் போனேன். மூன்றாம் காற்றாலை. ஓர் ஓணான் அங்கே நின்று ஆறாம் எண்ணுக்கு விசிறி காட்டிக்கொண்டிருந்தது. முதுகில் வெள்ளை-நீலம்-வெள்ளை. சரி, 12 இங்கேதான் இருக்கிறது என்று நினைத்தேன்.

குனிந்து செம்பை எடுத்தேன். அதன் முதுகில் வெள்ளை-வெள்ளை-நீலம்.

செம்பு எதற்கும் நான் வெள்ளை-வெள்ளை-நீலம் வைக்கவில்லை. திருப்பிப் பார்த்தேன். அடிவயிற்றில் 6. என் கையால் குத்திய 6.

வெயில் அதிகம். பாதியில் அறைக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மேலே வெளுத்த பால் நிறம், அடியில் கொஞ்சம் மஞ்சள் மிச்சம். பன்னிரண்டு செம்பில் ஐந்துக்கு மஞ்சள் வைத்திருந்தேன். ஐந்தும் வெள்ளை. பழைய மஞ்சளால் ஜூன் 22-க்கு முன் குறித்த ஓணான்கள் இன்னும் மஞ்சளாகவே இருக்கின்றன.

ஆகவே: 47 காணாமல் போகவில்லை. நேற்று செம்புக்கு எதிரே நின்றதற்கு வால் பாதிதான் இருந்தது. 47-இன் மஞ்சள் வெளுத்து அது 12-இன் எண்ணுக்கு வந்துவிட்டது. எட்டு ஓணானும் ஜூன் 22-இலும் அதற்குப் பிறகும் குறித்தவை. குப்பி நான் வாங்கியது. அவள் வெள்ளையைப் பார்த்தாள், வெள்ளை என்று எழுதினாள். பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஜூலை 14, எட்டுப் பத்து, குறிப்பு: "கலெக்டர்". எட்டு இருபத்தைந்து, குறிப்பு: "மொட்டைவால்". எட்டு ஓணானுக்கும் எழுதியிருக்கிறாள். நான் அடிக்காமல் விட்ட கட்டத்தில்.

சென்சாரை மூன்று தடவை சோதித்தவன், புள்ளியைச் சோதிக்கவில்லை.

ஜூன் 22-இல் "வேறு விசேஷம் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அன்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். முதல் ஓணானுக்குப் புள்ளி வைத்துவிட்டு உச்சிமாகாளி குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். "எண்ணே, இந்த மஞ்சள் நிக்குமா? எங்க மதினி இப்படித்தான் ஒண்ணு வச்சிருந்தா, துணி அலசுனதும் போய்ட்டு" என்றாள். நான் சொன்னது: "உனக்கு கெமிஸ்ட்ரி தெரியுமா? வைக்கச் சொன்னா வை."

ஜூலை 22-இல் அவள் வாயைத் திறந்து மூடியது இதற்காகத்தான் இருக்க வேண்டும். அன்றே எனக்கு இது ஞாபகம் வந்ததா என்று என்னையே கேட்டேன். வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 17

ஓடைக்குத் தெற்கே ஆடுகளோடு இருந்தாள். நான் வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"என்ன, டேட்டா எடுக்க வந்தியளா? நான் ஓட மாட்டேன், பக்கத்துலயே வாங்க."

செம்பைக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "வெளுத்துட்டா" என்றாள். ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ஜூலையிலயே தெரியும். மொட்டைவாலை எனக்குத் தெரியாதாக்கும்? அதான் குறிப்புல எழுதுனேன். மேடம் படிச்சா புரிஞ்சிக்கிடுவாவன்னு நெனைச்சேன். படிக்கலையோ?"

அந்தக் கட்டம் மேடத்திடம் போகவே இல்லை என்று சொன்னேன். தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"அன்னைக்கு மேசையில வச்சே சொல்லியிருக்கலாம்ல, மஞ்சளைப் பத்தி?"

"சொன்னா? நீங்க இல்லைம்பிய. டிப்ளமோ சொல்லுததை விட்டுட்டு ஆட்டுக்காரி சொல்லுததையா கேப்பாவ?" ஒரு குட்டி என் பைக்குள் தலையை விட்டது. அதை இழுத்து அந்தப் பக்கம் தள்ளினாள். "ஓணான் புடிக்க வேலையிலயும் கள்ளத்தனமான்னு எங்கண்ணன் கேக்கான். ஊர்ல சின்னப் பயலுவகூட என்னைப் பாத்தா ஓணான் மாதிரி தலையைத் தலையை ஆட்டுதானுவ."

"தப்பு என்மேலதான்" என்றேன்.

"அதை எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? கள்ளின்னு நீங்க சொன்னது மேடம்கிட்டல்லா." செம்பைத் திருப்பிக் கொடுத்தாள். "போங்க. ஆடு மெரளுது, உங்க நடையைப் பாத்து."

ஆகஸ்ட் 19

வேறு வழி இருக்கிறது. குறிப்புக் கட்டத்தை இப்போது அடித்து, எட்டு எண்ணையும் சரிசெய்து, கோப்பை மாற்றி வைத்துவிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. டேட்டா சுத்தமாகிவிடும். அறிவியலுக்கு வேண்டியது அதுதானே.

இரண்டு மணி நேரத்தில் முடித்தேன். எல்லா வரியும் பொருந்துகிறது. ஓட்டத் தூரம் ஒவ்வொரு ஓணானுக்கும் சீராக இருக்கிறது. கலெக்டர் எப்போதும் அரை மீட்டர். மொட்டைவால் எப்போதும் மூன்று மீட்டர், அது சண்டைக்காரனே தவிர தைரியசாலி இல்லை. அவள் வேலை செய்த ஐந்து வாரமும் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. ஒன்றுகூட இல்லை. ஒன்றாவது இருந்திருக்கலாம்.

கோப்பைச் சேமிக்கவில்லை.

ஆகஸ்ட் 21

தகர ஷெட்டில் மேடம் மேசையில் இருந்தார். செம்பு ஆறு என் கையில். ஷெட்டுக்கு எதிரே வேப்பமரம் வரை போனேன். திரும்பிவிட்டேன். அவர் போன பிறகு மரத்திலிருந்து மேசை வரை டேப் வைத்து அளந்தேன். பதினொரு மீட்டர்.

ஆகஸ்ட் 22

நான்கு மீட்டர். மேடம் நிமிர்ந்து, "என்ன செல்வின்?" என்றார். பேட்டரி வாங்க வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 23

நான்கு மீட்டர்.

ஆகஸ்ட் 24

பூஜ்யம்.

மேசையில் செம்பு ஆறு, லேபிள் இல்லாத குப்பி, அவளுடைய பழைய தாள்கள். எல்லாம் சொன்னேன். குப்பி, கெமிஸ்ட்ரி, விட்ட கட்டம், வேப்பமரத்தடி. சீக்கிரம் சீக்கிரமாகச் சொன்னேன், எனக்கு வேறு வேகம் தெரியாது.

மேடம் குறிப்புக் கட்டத்தை மட்டும் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். "வக்கீல்" என்று வாய்க்குள் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நின்றது.

"நீங்க பதினாலாம் தேதியே பாத்தாச்சு."

"ஆமா."

"பத்து நாள்."

"ஆமா மேடம்."

"ஒரு மாசமா அந்தப் பொண்ணு வீட்டுல உக்காந்திருக்கா. நானும் ஒரு வார்த்தை விசாரிக்கலை. அட்டவணை அழகா இருந்துச்சு, நம்பிட்டேன்." தாள்களை அடுக்கினார். "நாளைக்கு லெட்டர் போகணும். எந்தப் பேர் போகும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

"தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

வேண்டாம் என்று நினைத்துத்தான் மூன்று நாள் திரும்பிப் போனேன். எழுந்து செம்பை எடுத்துக்கொண்டேன். அதை மேசையிலேயே வைக்கச் சொன்னார். "இன்னும் இருபது வேணும் செல்வின். செய்து குடுப்பீங்களா? மஞ்சள் நான் வாங்கிக்கறேன்."

சாயங்காலம் ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழ ஓடைக்குளத்துக்குப் போனார். நானும் போனேன். அவள் வீட்டு வாசலில், அவள் அண்ணன் எதிரில், ஒரு முறை முழுதாகச் சொல்ல வைத்தார். அது ஷெட்டைவிட தூரம்.

ஆகஸ்ட் 31

இருபது செம்பும் முடித்துக் கொடுத்தேன். உச்சிமாகாளி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் செய்திய" என்றாள். நான் நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. பழகவும் இல்லை, மாறவும் இல்லை.

டாக்டர் கடிதத்தை ஆபீஸில் கொடுத்தேன். மூன்று மாதமாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார்கள்.

செப்டம்பர் 4

மூன்றாம் காற்றாலை. ஏணி எண்பது மீட்டர். பெல்ட் கொக்கியை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். ஐம்பதாவது மீட்டரில் நின்றுவிட்டேன். ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தோள் வலிக்கவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்: ஜூனிலிருந்தே தோள் வலிக்கவில்லை.

கீழே இருந்து கூட்டாளி என்ன ஆச்சு என்று வாக்கிடாக்கியில் கேட்டான். மெதுவாகப் போகிறேன் என்றேன். இந்த வார்த்தையை நான் சொன்னது எனக்கே புதிது. ஒவ்வொரு படியாக. ஒரு மணி நேரம் ஆயிற்று.

எந்திரம் இருக்கும் உச்சிப் பெட்டியின் கதவைத் திறந்து தலையை நீட்டினேன். இறக்கை நின்றிருந்தது. பொட்டல் முழுவதும் தெரிந்தது. நேர் கீழே உச்சிமாகாளி, அண்ணனுடைய வெள்ளைச் சட்டையில், பொட்டு போல. பக்கத்தில் மேடத்தின் குடை. சட்டை கல்லை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஓணான் இங்கிருந்து தெரியாது. ஆனால் எந்தக் கல் என்று எனக்குத் தெரியும். மொட்டைவாலின் கல். மூன்று மீட்டரில் ஓடுகிற ஓணான்.

சட்டை நிற்கவில்லை. இரண்டு மீட்டர் இருக்கும். இன்னும் சிவப்புத் துணி விழவில்லை. ஒரு மீட்டர்.

ஒரு சத்தம் போட்டால் ஓடிவிடும். இந்தக் காற்றில், இவ்வளவு உயரத்திலிருந்து, எது போட்டாலும் கீழே கேட்காது.

இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.